தொலையியக்கம் கண்ட நிக்கோலா டெஸ்லா

இருந்த இடத்தில் இருந்தவாறே எட்டி நிற்கும் பொறியொன்றை ஏவல் கொள்ளுதல் இக்காலத்தில் சிறுவர்க்கும் எளிதாயிற்று. வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும், இசைக்கருவியும், குளிரூட்டும் பொறியும் உள்ளன. ரிமோட் என்று வழங்கும் தொலையியக்கியைக் கையிலெடுத்துப் பொத்தானை அழுத்தினால், அவற்றுள் ஒன்று மட்டும் அவ்வேவலை ஏற்கிறது. ஏனையவை வாளா இருக்கின்றன. காண்பதற்கு இஃது எளிய செயலே. ஆயினும் இதனுள் அரியதொரு வினா அடங்கியுள்ளது. பல பொறிகள் ஒருங்கே இருக்குமிடத்தில், வந்த கட்டளை தனக்கே உரியது என்பதை ஒரு பொறி எவ்வாறு அறிகிறது? மின்விளக்கே அரிதாயிருந்த காலத்தில் அவ்வினாவைத் தமக்குள் எழுப்பி, அதற்கு விடையும் கண்டவர் நிக்கோலா டெஸ்லா என்னும் பேரறிஞர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

டெஸ்லா 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள் ஸ்மிலியான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இப்பொழுது குரோவேசிய நாட்டில் உள்ளது. அவர்தம் பெற்றோர் செர்பிய இனத்தவர். தந்தையார் மிலுட்டின் கிறித்தவ சமயகுரு. அன்னையார் எழுதப் படிக்கக் கல்லாதவர். எனினும் நீண்ட பழங்கதைப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் நினைவாற்றல் உடையவர். வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தம் கையாலேயே புதுவதாக ஆக்கிக்கொள்வார். புதியன காணும் திறம் அன்னையிடமிருந்தே தமக்கு வந்ததென டெஸ்லா பிற்காலத்தில் நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

சிறுவர் டெஸ்லா விளையாட்டிலும் பொறிகளையே நாடினார். ஓடும் சிற்றாற்றில் தாம் செய்த நீருருளையைச் சுழலவிட்டு மகிழ்ந்தார். ஒருமுறை வண்டுகள் சிலவற்றைப் பிடித்து, மெல்லிய குச்சிகளாலான காற்றாடியில் ஒட்டிவிட்டார். அவை பறக்க முயலுந்தோறும் காற்றாடி சுழன்றது. அமெரிக்க நாட்டு நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி ஒருநாள் படித்த அச்சிறுவர், அவ்வீழ்ச்சியைக் கொண்டு பேருருளை ஒன்றைச் சுழற்றுவதாகத் தம் மாமனிடம் கூறினார். சிறுபிள்ளையின் பேச்சென அது விடப்பட்டது. ஆனால் அவர் அதனை மறக்கவில்லை.

கல்வியும் கனவும்

தம் மகனும் சமயகுரு ஆதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ பொறியியலில் ஊன்றி நின்றது. 1873 ஆம் ஆண்டில் டெஸ்லா வாந்திபேதி நோயால் பற்றப்பட்டு, ஒன்பது திங்கள் படுக்கையில் கிடந்தார். பிழைத்தல் அரிது என்ற நிலையில், பொறியியல் படிக்க இசைந்தால் தாம் நலம் பெறக்கூடும் என்று தந்தையிடம் உரைத்தார். தந்தையும் மனம் இளகி உலகின் சிறந்த பொறியியற் கல்லூரிக்கு அனுப்புவதாக வாக்களித்தார். நோயும் மெல்ல நீங்கியது.

1875 இல் கிராட்ஸ் நகரத் தொழிற்கல்லூரியில் டெஸ்லா சேர்ந்தார். ஆங்கு ஆசிரியர் ஒருவர் மின்பொறி ஒன்றை இயக்கிக் காட்டினார். அதன் தூரிகைகளில் தீப்பொறி பறப்பதைக் கண்ட மாணவர், அவ்வுறுப்பு இல்லாமலே பொறியை இயக்கலாமே என்றார். அஃது ஒருகாலும் இயலாதென ஆசிரியர் ஒரு வகுப்பு முழுதும் எடுத்து விளக்கினார். ஆசிரியரிடம் மதிப்பு வைத்திருந்தும், டெஸ்லாவால் தம் எண்ணத்தை விட்டுவிட இயலவில்லை. பட்டம் பெறாமலே அவர்தம் கல்லூரி வாழ்வு முடிந்தது. எண்ணம் மட்டும் உடன் வந்தது. 1882 இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பருடன் உலவுகையில், அதற்குரிய வழி அவர் மனத்தில் திடீரெனத் தோன்றியது. கையிலிருந்த குச்சியால் மணலிலேயே அதனை வரைந்து காட்டினார். சுழலும் காந்தப் புலத்தால் இயங்கும் மாறுமின்னோட்டப் பொறியின் முதல் வரைபடம் அதுவேயாகும்.

அமெரிக்க வாழ்வு

1884 ஆம் ஆண்டில் டெஸ்லா நியூயார்க் நகரை அடைந்தார். புகழ்பெற்ற தாமஸ் ஆல்வா எடிசனின் நிறுவனத்தில் சில திங்கள் பணியாற்றிப் பின் விலகினார். தம் பெயரால் தொடங்கப்பெற்ற முதல் நிறுவனமும் அவரைக் கைவிட்டது. நாட்கூலிக்குப் பள்ளம் தோண்டும் நிலைக்கும் அவர் ஆளானார். வறுமை அவர் உடலை வருத்தியது, உள்ளத்தை வருத்தவில்லை. 1888 இல் தம் மாறுமின்னோட்டப் பொறிகளுக்கு உரிமைப் பட்டயங்கள் பெற்றார். அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் வாங்கிக்கொண்டார். 1893 இல் சிகாகோ நகரத்து உலகப் பொருட்காட்சி மாறுமின்னோட்டத்தால் ஒளி பெற்றது. 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நயாகரா வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 20 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பஃபலோ நகரைச் சென்றடைந்தது. சிறுவயதில் மாமனிடம் கூறிய சொல் இங்ஙனம் மெய்யாயிற்று.

தொலையியக்கம் பற்றிய எண்ணம்

கம்பி வழியே மின்சாரத்தை நெடுந்தொலைவு செலுத்தக் கண்ட டெஸ்லாவின் உள்ளம், கம்பியே இல்லாமல் ஆற்றலைச் செலுத்துவதில் ஈடுபட்டது. அவர் தம் செயல்களைத் தாமே கூர்ந்து நோக்கும் இயல்பினர். கண்ணும் செவியும் பெறும் தூண்டுதலுக்கேற்பவே தம் கைகால்கள் இயங்குகின்றன என்பது அவருடைய முடிவு. அங்ஙனமாயின், உயிரற்ற பொறிக்கும் ஒரு செவியை அமைத்து, அச்செவிக்கு அலைகளால் கட்டளையிட்டால், அதுவும் உயிருள்ளது போல் ஒழுகுமன்றோ? இவ்வெண்ணமே தொலையியக்கத்திற்கு வித்தாயிற்று.

1893 இல் அவர் இவ்வகைப் பொறிகளைச் செய்யத் தொடங்கினார். இரண்டாண்டு உழைத்த பின் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. 1895 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13 ஆம் நாள் அவர்தம் ஆய்வுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. பொறிகளும் குறிப்புகளும் சாம்பலாயின. காப்பீடும் இல்லை. எனினும் செய்ய வேண்டிய பொறியின் உருவம் அவர் மனத்தில் இருந்தது. எப்பொறியையும் வரைவதற்கு முன் மனத்திலேயே அமைத்து, மனத்திலேயே இயக்கிப் பார்க்கும் அரிய ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. ஆகவே வேறோர் இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துப் பணியை மீண்டும் தொடங்கினார்.

நீரில் நிகழ்ந்த வியப்பு

1898 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்க அரங்கில் மின்னியற் பொருட்காட்சி நடைபெற்றது. ஆங்கு ஒரு நீர்த்தொட்டியில் இரும்பாலான சிறு படகு ஒன்று மிதந்தது. அதில் ஆள் இல்லை, அதனைக் கரையோடு இணைக்கும் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. தொட்டியருகே ஒரு சிறு பெட்டியுடன் டெஸ்லா நின்றார். அவர் பெட்டியின் பிடியைத் திருப்புந்தோறும் படகு புறப்பட்டது, நின்றது, வலமும் இடமும் திரும்பியது, விளக்குகளை ஏற்றி அணைத்தது. கூடியிருந்தோரைக் கேள்வி கேட்குமாறு அவர் அழைத்தார். 64 இன் கனமூலம் யாதென ஒருவர் வினவ, படகின் விளக்கு நான்கு முறை மின்னியது என்பர். விடை கூறியது படகன்று, அதனை இயக்கிய டெஸ்லாவே என்பதைப் பலர் அறிந்திலர். மந்திரம் என்றனர் சிலர். மனத்தின் ஆற்றல் என்றனர் வேறு சிலர். கம்பியில்லாத் தந்தியே தளர்நடை பயின்ற காலத்தில், இக்காட்சி மக்களுக்கு நம்பத்தகாததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

படகின் அமைப்பு

படகினுள்ளே மந்திரம் ஒன்றுமில்லை. மின்கலங்கள் இருந்தன. படகை உந்துவதற்கு ஒரு மின்பொறியும், சுக்கானைத் திருப்புவதற்கு மற்றொரு மின்பொறியும் இருந்தன. உலோகத் துகள் அடங்கிய சிறு குழாய் ஒன்று படகிற்குச் செவியாக அமைந்தது. இயல்பாக அத்துகள் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மின்னலை வந்து தாக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி மின்சாரத்திற்கு வழிவிடும். பின்னர் அக்குழாய் தலைகீழாகத் திருப்பப்பெற, துகள்கள் பிரிந்து அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகும்.

ஒரே வகை அலையால் பல வேலைகளை ஏவியது எங்ஙனம்? அலை வந்து சேருந்தோறும் வட்டத் தகடு ஒன்று ஒரு படி திரும்பியது. ஒரு படியில் சுக்கான் ஒருபுறம் திரும்பும், அடுத்த படியில் நிற்கும், அதற்கடுத்த படியில் மறுபுறம் திரும்பும், பின்னும் நிற்கும். எத்தனை படி திருப்பினால் எச்செயல் நிகழும் என்பது இயக்குவோர்க்குத் தெரியும். இவ்வாறு எண்ணிக்கையே அங்குக் கட்டளை ஆயிற்று.

ஏவலுக்கோர் அடையாளம்

இதனினும் கடிய இடர்ப்பாடு ஒன்று எஞ்சியிருந்தது. உலோகத் துகட்குழாய் தன் தலைவன் அலை இது, அயலான் அலை இது என வேறுபாடு அறியாது. எங்கேனும் ஒரு தீப்பொறி தெறித்தாலும் அதற்கும் செவிசாய்த்துவிடும். கடலில் செல்லும் கலம் பகைவன் விடுக்கும் அலைக்கும் அடங்குமாயின், அது யாருடைய கலம்? யார் ஏவினும் பணியும் ஏவலாளால் பயனில்லை, கேடே மிகுதி. இதனை டெஸ்லா நன்கு உணர்ந்தார்.

அதற்கு அவர் கண்ட வழி பின்வருமாறு: அலைகள் விரைந்து அதிர்வன; அதிர்வெண்ணால் ஒன்றற்கொன்று வேறுபடுவன. ஆகவே ஒரு கட்டளையை ஒரே அலையாக அனுப்பாமல், அதிர்வெண் வேறுபட்ட இரண்டு அலைகளாக அனுப்புதல் வேண்டும். ஏற்கும் பொறியில் அவ்விரண்டிற்கும் இசைந்த இரு செவிகள் இருத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே கேட்டால்தான் பொறி இயங்கும். ஒன்று மட்டும் கேட்டால் இயங்காது. இஃது இரண்டு திறவுகோல்கள் சேர்ந்தாலன்றித் திறவாத பூட்டினைப் போன்றது. ஒரு திறவுகோல் தற்செயலாகப் பொருந்தினும் பொருந்தலாம். இரண்டும் தற்செயலாகப் பொருந்துதல் அரிது. அலைகளின் தொகையைக் கூட்டக் கூட்டக் காவலும் கூடும். ஒவ்வொரு பொறிக்கும் தனித்த அடையாளம் வழங்கினால், ஒரே இடத்தில் பல பொறிகள் இருப்பினும் அவை தத்தமக்குரிய கட்டளைக்கே பணியும்.

படகிற்கு 1898 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8 ஆம் நாள் உரிமைப் பட்டயம் கிடைத்தது. ஆயின், அப்பட்டயத்தில் இந்த அடையாள முறை விளக்கப்படவில்லை. அம்முறைக்குத் தனியே காப்புரிமை பெறும் வரையில் வெளியிடலாகாதென வழக்கறிஞர் அறிவுரை கூறியதால், எளிய ஒற்றை அலை முறையையே டெஸ்லா அதில் எழுதினார். அது குறித்துப் பின்னாளில் அவர் வருந்தினார். அடையாள முறைக்கு 1900 இல் விண்ணப்பித்து, 1903 இல் பட்டயங்கள் பெற்றார்.

நம்பாதோரும் நகைத்தோரும்

டெஸ்லாவின் விண்ணப்பத்தைக் கண்ட பட்டய அலுவலகத்தார் அதனை எளிதில் நம்பவில்லை. தலைமை ஆய்வாளரே நியூயார்க் நகருக்கு வந்து, படகு இயங்குவதைக் கண்ணாரக் கண்ட பின்னரே பட்டயம் வழங்கப்பட்டது. பின்னர் இப்புதுமையை அரசுக்கு அளிக்க விரும்பிய டெஸ்லா, வாஷிங்டன் நகரில் அலுவலர் ஒருவரைக் கண்டு எடுத்துரைத்தார். அவரோ வாய்விட்டு நகைத்தார். உரிமைப் பட்டயத்தின் 17 ஆண்டுக் காலமும் 1915 இல் முடிந்தது. அதனால் டெஸ்லா பெற்ற ஊதியம் யாதொன்றும் இல்லை எனலாம்.

ஆளில்லாப் பொறிகளே போர்க்களத்தில் பொருமாயின், மக்கள் மடிதல் குறையும். இறுதியில் போரே ஒழியும் என்று டெஸ்லா எண்ணினார். பின்வந்த போர்கள் அவ்வெண்ணத்தை மெய்ப்பிக்கவில்லை. தொலைவிலிருந்து இயக்கும் படைக்கலங்கள் பெருகின, போர் ஒழியவில்லை. பொறி ஏவுவோன் கருத்தையே நிறைவேற்றும். கருத்தின் நன்மை தீமை அதனைச் சார்ந்ததன்று.

இறுதி நாட்கள்

1899 இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் டெஸ்லா மாபெரும் மின்னாய்வுகளை நிகழ்த்தினார். 1901 இல் லாங் தீவில், உலகெங்கும் செய்தியும் ஆற்றலும் கம்பியின்றி அனுப்பும் நோக்குடன் உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பலானார். மார்கன் என்னும் செல்வர் 1,50,000 டாலர் உதவினார். பின்னர் பொருளுதவி நின்றது, பணியும் நின்றது. 1917 இல் கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவருக்கு எடிசன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

மணவாழ்வை மேற்கொள்ளாத டெஸ்லா முதுமையில் விடுதி அறைகளிலேயே வாழ்ந்தார். நகரப் பூங்காக்களில் புறாக்களுக்கு இரையிடுதல் அவருக்கு உற்ற இன்பமாயிருந்தது. 1943 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7 ஆம் நாள், நியூயார்க் விடுதியொன்றின் 33 ஆம் மாடி அறையில், தனிமையில் அவர் உயிர் நீத்தார். 1960 இல் உலக நாடுகளின் அளவை மாநாடு, காந்தப் பாய அடர்த்தியின் அலகிற்கு டெஸ்லா என்று பெயர் சூட்டியது. அவர்தம் சாம்பல் பெல்கிரேடு நகரிலுள்ள அவர் பெயரிய காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

விதையும் விளைவும்

டெஸ்லா கண்ட வினா அவருடன் மறையவில்லை. வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்ந்தது. 1955 இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜீன் பாலி, ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கும் கருவியை அமைத்தார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் இருந்தன. ஆனால் ஞாயிற்றின் ஒளி பட்டாலும் பெட்டி ஏவலென்று கருதிவிட்டது. அயலான் அலைக்குச் செவிசாய்க்கும் குழாயின் குறையே மீண்டும் தலைகாட்டியது. மறு ஆண்டில் அந்நிறுவனத்து ராபர்ட் ஆட்லர், செவிக்கெட்டாத ஒலியால் இயங்கும் கருவியைச் செய்தார். அலுமினியக் கோல்களின் நீளத்திற்கேற்ப ஒலியும் வேறுபட, ஒவ்வோர் ஒலியும் ஒவ்வொரு செயலைக் குறித்தது.

அதன்பின் அகச்சிவப்புக் கதிர் ஒலியின் இடத்தைப் பிடித்தது. பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அக்கதிர் விரைந்து துடிக்கிறது. அத்துடிப்புகளின் வரிசையில் ஒரு பகுதி, கட்டளை எந்தப் பொறிக்குரியது என்பதைச் சொல்லும். மற்றொரு பகுதி, செய்ய வேண்டியது யாதெனச் சொல்லும். முற்பட்ட அடையாளம் பொருந்தாவிடில் பொறி வாளா இருக்கும். அலைகளின் சேர்க்கை துடிப்புகளின் வரிசையாக மாறியதேயன்றி, டெஸ்லா கண்ட நெறி மாறவில்லை.

பொறிகள் பெருகவே தொலையியக்கிகளும் பெருகின. எல்லாவற்றிற்கும் ஒன்றே போதும் என்னும் எண்ணத்தால் பொதுத் தொலையியக்கி தோன்றியது. 1987 இல் ஸ்டீவ் வாஸ்னியாக் என்பார் வெளியிட்ட கருவி, பிற தொலையியக்கிகளின் துடிப்புகளை ஏற்றுப் பயிலும் திறம் பெற்றிருந்தது. வேறு சில கருவிகளில் பல நிறுவனங்களின் அடையாளங்கள் முன்னரே பதிக்கப்பெற்றிருக்கும். அதனைப் பழக்குவோர் முதலில் இன்ன பொறி எனத் தெரிவு செய்வர். பின்னர் ஏட்டிலுள்ள எண்ணை அழுத்துவர். பொறி விடையளிக்கிறதா என ஆய்வர். அளிக்காவிடில் அடுத்த எண்ணை நாடுவர். எண் பொருந்தியவுடன் அதுவரை அசையாதிருந்த பொறி உயிர்பெற்றதுபோல் விழித்தெழும். அந்த நொடியில் நிகழ்வது, பொறிக்குரிய அடையாளத்தைக் கைக்கருவி கண்டுகொண்டதேயாகும்.

நகைத்தோரின் நகைப்பு ஓய்ந்தது. நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகின் நெறி வீடுதோறும் விளங்குகிறது. ஒரு பொறியை இயங்கச் செய்வதோடு அறிவின் கடமை முடிந்துவிடுவதில்லை. அஃது யாருக்குப் பணிதல் வேண்டும், யாருக்குப் பணிதல் கூடாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதனை முன்னறிந்து உழைத்த நிக்கோலா டெஸ்லாவின் வாழ்வு, தீயும் வறுமையும் நகைப்பும் உண்மை எண்ணத்தை அழிக்கமாட்டா என்பதற்குச் சான்றாகும்.